கடலுக்குப் போகும் பஸ்

முதல் அடி தரையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் விழுந்தது. மலைப் பக்கம் இருந்த மனைவியின் விரல் சட்டென்று விலகிக்கொண்டது. இரண்டாவது அடியில் பெல்ட்டின் பித்தளைக் கொக்கி மகளின் உதட்டைக் கிழித்துவிட்டது.

"எந்த ஊருக்குடி போகப்போற? மலையா, கடலா?"

"கடல்தான்ப்பா. முடிவு பண்ணியாச்சு." மகள் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "மத்தியான பஸ். டிக்கெட்டும் எடுத்தாச்சு."

அவளுக்குக் கல்லூரிப் படிப்பு இப்போதுதான் முடிந்தது. வேலையில் சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் எங்கே போகலாம் என்று அம்மாவும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஊர் பொறுக்கிக்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் காதில் விழுந்துவிட்டது.

அவர் சிறையில் வார்டர். கைதிகள் வைத்த பெயர் கழுகு. தன் காவலில் ஓர் ஆள்கூடத் தப்பியதில்லை என்று, கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். அவருடைய வித்தை ரொம்ப எளிது. எந்த அறையில் சத்தம் கேட்கிறதோ அங்கே லத்தியோடு ஓட வேண்டும். சத்தம் போடுகிறவனை நாலு சாத்து சாத்தினால் மற்றவர்கள் தானாக அடங்கிவிடுவார்கள்.

வீட்டையும் அவர் அப்படித்தான் நடத்தினார். மனைவி அடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் சுண்டுவிரல் கோணலாக நிற்கிறதே, அது அடங்கிய அன்றைக்கு ஒடிந்தது. மகள்தான் அடங்க மாட்டேன் என்கிறாள். படிப்பு ஏற ஏற வாயும் கூடவே ஏறிவிட்டது.

"யாரைக் கேட்டுடி டிக்கெட் எடுத்த?"

"யாரைக் கேக்கணும்?"

வார்டருக்கு வெறி தலைக்கேறியது. வரைபடத்தைக் கிழித்துச் சுருட்டி, "இந்தாடி கடல், குடி!" என்று அவள் வாயில் திணித்தார். முடியைப் பிடித்துச் சுவரில் ஒரு மோது மோதினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. மகள் சுருண்டு விழுந்தாள்.

விழுந்த இடத்திலேயே காகிதத்தைத் துப்பிவிட்டுக் கத்தினாள். "அடிங்க! நல்லா அடிங்க! நீங்க அந்தப் பக்கம் டூட்டிக்குப் போனா, இந்தப் பக்கம் பஸ் ஏறுறதுதான். என்ன செய்வீங்க?"

பூட்ஸ் கால் விலாவில் இறங்கியது. இன்னொரு தடவையும் இறங்கியது.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"போதுங்க. செத்துடப்போறா. அவ அடிச்செல்லாம் கேக்க மாட்டா. அவ ரூம்லயே போட்டுப் பூட்டிட்டுப் போங்க."

வார்டர் அசந்துபோனார். மகளுக்கு ஒன்று என்றால் குறுக்கே வந்து விழுகிறவள், இன்றைக்குத் தன் பக்கம் பேசுகிறாளே!

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நீ உருப்படியா பேசியிருக்க," என்று மெச்சிக்கொண்டார்.

"நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று மகள் அலறினாள். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வார்டர் மகளைத் தரதரவென்று இழுத்துப்போய் அறைக்குள் தள்ளினார். அவள் கைப்பேசியைத் தரையில் போட்டு மிதித்து நொறுக்கினார். தினமும் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசல் கதவுக்கு வெளியே மாட்டுகிற பெரிய பூட்டைக் கொண்டுவந்து, அறைக் கதவில் மாட்டிப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும் அவருக்கு மூச்சு சீரானது.

"ஜன்னலுக்கு நேர் எதிர்லதானே பஸ் ஸ்டாப்பு?" என்று கதவு வழியாகச் சொன்னார். "கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. உன் பஸ் போறதைக் கண் குளிரப் பாரு."

பிறகு மனைவியிடம் திரும்பினார். "எவ்வளவு கத்துனாலும் அவகிட்டப் போகாத."

"போகலைங்க," என்றாள் அவள். அவர் படியிறங்கும்வரை தலை நிமிரவே இல்லை.

சிறையில் அன்றைக்கு அவருக்கு ஒரே குஷி. சாப்பாட்டுத் தட்டை விட்டெறிந்த ஒருவனை வெளுத்து வாங்கினார். கை வலிக்கவே லத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூட இருந்த வார்டரிடம் கதையை ஆரம்பித்தார்.

"வீட்லயும் ஒருத்தி தப்பிக்கப் பாத்தா. கழுகுகிட்ட நடக்குமா?"

"பாவம்யா, சின்னப் பொண்ணு. ஒரு மாசம் ஊர் பாத்துட்டு வரட்டுமே," என்றார் மற்றவர்.

"இன்னைக்கு ஊரு, நாளைக்கு என் தலையில ஏறி உக்காருவா. கதவைத் தொறந்து விட்டா அவ்வளவுதான்யா," என்று வார்டர் சிரித்தார்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தார். சாத்தியிருந்த வாசல் கதவு தள்ளியதும் திறந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். பதில் இல்லை. எங்காவது மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள், அவளை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நேராக மகளின் அறைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்தார். மாட்டியது மாட்டியபடியே தொங்கியது. அவருக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

கதவைத் திறந்தார். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வீங்கியிருந்தது. ஒரு கண் முழுவதுமாக மூடிக்கிடந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

"என்னடி இளிப்பு? கடலுக்குப் போற பஸ் போச்சே, பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. அம்மா ஏறுனது வேற பஸ்."