முதலில் வந்தவன்

திருச்செங்கோட்டுக்கு அருகே, தண்ணீர் வற்றிய ஏரியில் புதுப் பையன்களுக்கான மோட்டார் சைக்கிள் பந்தயம் முடிந்திருந்தது. தோற்றவர்களின் வீட்டாருக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோயிருந்தார், அதை நடத்திய அர்த்தநாரி. இனி இந்த வேலையே வேண்டாமென்று கிளம்பும்போது, ஓட்டிய பையன்களில் ஒருவனின் தாய் பாவாயி வந்து நின்றாள்.

"ஏனுங்க, மொதல்ல வந்தவன் வளைவுல கோட்டத் தாண்டிட்டானுங்க. அவன் ஜெயிச்சது செல்லாதுன்னு சொல்லிப்போடுங்க."

"நான் அங்கயேதானம்மா நின்னேன். அவன் ஒழுங்காத்தான் ஓட்டுனான்."

"நீங்க மனசு வெச்சா முடியுமுங்க."

அர்த்தநாரிக்குச் சலிப்பாக இருந்தது. "ஒருக்கா ஜெயிச்சவன் இதுல மறுபடி ஓட்ட முடியாதுங்க. அடுத்த வருசம் அவன் இருக்கமாட்டான், உங்க பையனே ஜெயிப்பான். ஊட்டுக்குப் போங்கம்மா."

பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சதே எம்பட பையந்தானுங்க. இதுக்குப் பழகோணும்னுதான் சங்ககிரி ரோட்டுல லாரிகளோட போட்டி போடறத உட்டிருந்தான். இங்க எடமில்லீனா மறுபடி அங்கதானுங்களே போவான்?"

அர்த்தநாரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜெயிச்சவங்களுக்குன்னு தனியா ஒரு பந்தயம் வெக்கறேனுங்க," என்றார் மெதுவாக. "அதுவரைக்கும் அவன எப்படியாச்சும் புடிச்சு வெய்யுங்க."