மகாராணி வீடு காலியாகிறது

“அந்த சோபா யாருக்கு?”

“பழைய டிரைவருக்கு அக்கா. அவர் மகளுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆகியிருக்கு.”

மூத்தவள் உதட்டைச் சுழித்துக்கொண்டாள். அந்த சோபாவில் உட்காரும்போதெல்லாம் எழுந்திருக்க மனசே வராது அவளுக்கு. இனி டிரைவர் மகள் காலை நீட்டி உட்காரப் போகிறாள்.

கொழுந்தன் பெண்டாட்டிக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் மகாராணி. அந்த மகாராணிக்குத்தான் இப்போது திடீரென்று பக்தி முற்றிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் வீட்டை விட்டுவிட்டு, சர்ச் நடத்தும் முதியோர் இல்லத்திலேயே இரண்டு அறையில் தங்கி ஊழியம் செய்யப் போகிறார்களாம்.

போன ஞாயிறு போதகர் அதைச் சொல்லிப் பாராட்டியபோது சபையே கைதட்டியது. மூத்தவளும் தட்டினாள். வயிறு எரிந்தது.

‘வச்சிருந்தப்பவும் அவளுக்குத்தான் பேரு. விட்டாலும் அவளுக்குத்தான் பேரு!’

ஒத்தாசைக்கு என்று சொல்லித்தான் வந்திருந்தாள். வாஷிங் மெஷின் தையற்காரி வீட்டுக்குப் போனது. தேக்குக் கட்டில் அடுத்த தெரு நர்ஸுக்கு.

மிச்சம் இருந்தது கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. மூத்தவள் அதைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“எங்க ஹாலுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு, இல்ல?”

இளையவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், தலையைக் குனிந்துகொண்டு டம்ளர்களைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். அலமாரி லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயே போய்விட்டது.

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. துடைத்த துணியைத் தரையில் வீசினாள்.

“ஊருக்கெல்லாம் வாரிக் குடுக்கறே. சொந்தம்னு ஒருத்தி கால் கடுக்க நிக்கறது உன் கண்ணுக்குத் தெரியலையா? நான் அவ்வளவு கேவலமாப் போயிட்டேனா?”

“ஐயோ அக்கா!” இளையவள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வெட்கமா இருந்துச்சு அக்கா. இதெல்லாம் உங்க மேல இருந்த பொறாமையில வாங்கினது. அதைக் கொண்டுபோய் உங்க தலையிலயே எப்படிக் கட்டுவேன்?”

“என் மேலயா? என்கிட்ட என்னடி இருக்கு?”

“சர்ச்சுல எல்லாரும் எழுந்து போன பிறகும் நீங்க மட்டும் முழங்கால்லயே இருப்பீங்க. கண்ணுல தண்ணி அது பாட்டுக்கு வழியும். அதைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ‘இவங்க மனசைத் திறந்து பேச ஆண்டவர் இருக்காரு, எனக்கு என்ன இருக்கு?’ன்னு தோணும். நேரா கடைக்குப் போயி எதையாவது வாங்கிட்டு வருவேன்.”

இளையவள் பிடித்த கையை விடவில்லை.

“எவ்வளவு வாங்கியும் அந்தக் குறை தீரல அக்கா. பெரிய வீட்டுக்காரின்னு நாலு பேர் சொல்றது மட்டும்தான் நான்னு இருந்தேன். இப்பத்தான், ஒண்ணும் இல்லாட்டியும் ஆண்டவரோட பிள்ளைன்னு சொல்லிக்கத் தைரியம் வந்திருக்கு. உங்களைப் பார்த்து வந்த தைரியம் அது.”

காலி ஹாலில் அவள் குரல் எதிரொலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஆனா ஜெபம் பண்ண உட்கார்ந்தா எனக்கு இன்னும் வார்த்தையே வரமாட்டேங்குது. அவ்வளவு உருக்கமா அவர்கிட்ட என்னதான் அக்கா கேப்பீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்.”

மூத்தவளின் பார்வை திறந்து கிடந்த வாசலுக்குப் போனது.

இத்தனை வருஷமாக அவள் முழங்காலில் நின்று அழுது அழுது கேட்டதெல்லாம், இன்று காலையிலிருந்து அந்த வாசல் வழியாகத்தான் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தது.