பிடரியில் அரிசி

ஜூஜுவாடி லைன் வீட்டு வாசலில் காலை வெயில் படியேறி வந்துவிட்டது. ஸ்டூலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான் தவசி. பிடரியில் இந்தக் கோடையின் மூன்றாவது கட்டி. நாளைக்கு ஷிப்டுக்குக் காலர் வைத்த யூனிபார்ம் போட்டாக வேண்டும். பக்கத்து வீட்டு ரத்னம்மா நேற்றுச் சொன்ன கன்னட வைத்தியத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் நினைவு வைத்திருப்பதாகப் பொற்கொடிக்கு எண்ணம். பச்சரிசியை அரைத்துப் புருஷன் கழுத்தில் பயபக்தியோடு அப்புகிறாள். காய்ந்த ஓரம் வெடித்து, அவன் அசையும்போதெல்லாம் குருணை பொலபொலவென்று உதிர்கிறது. இரண்டு எறும்புகள் விவரம் கேட்டு வந்துவிட்டன. துணி காயப்போட வந்த ரத்னம்மா வாளியைக் கீழே வைக்கிறாள். "இதென்னம்மா, அரிசியை அப்பி வச்சிருக்கே?" "நீங்கதானக்கா அரிசின்னு சொன்னீங்க." "அரிசினான்னு சொன்னேன். எங்க பாஷையில அது மஞ்சளு." பொற்கொடி நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். சிரிப்பு அடங்காமலே உள்ளே போய் மஞ்சள் குழைத்து வந்த ரத்னம்மா, அரிசியின் மேலேயே அதைத் தடவுகிறாள். தவசி நிமிராமலே சொல்கிறான்: "அரிசியும் மஞ்சளும் சேர்ந்துருச்சு. தலையும் குனிஞ்சுதான் இருக்கு. அப்படியே ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்கக்கா."