கை இல்லாத படங்கள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: மியூசியம் டைரக்டர் எவரிஸ்தோ, பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி விவரம் எழுதும் எர்மெலிந்தா, மூலையில் இலையைப் பிரித்துச் சோளமாவுத் தமால் தின்றுகொண்டிருந்த டிரைவர் ஒப்துலியோ. சுவரில், சட்டத்துக்குள், டைரக்டரின் அப்பா மாக்சிமோ. ஆக நாலு பேர்.

மாக்சிமோ மாயா நாகரிக இடிபாடுகளுக்குக் காவல்காரராக இருந்தவர். காட்டில் பாம்பு கொத்தியதும் வலது கை ஆள்காட்டி விரலைத் தானே வெட்டி எறிந்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவர். படத்தில் அந்த மொட்டை விரல் தெரியும்படி தொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தார். அவர்கள் ஊரான ஃப்ளோரஸ் தீவில் இந்தக் கதையைக் கேட்காமல் டைரக்டரோடு ஒரு காபி குடித்துவிட முடியாது.

இப்போது டைரக்டர் கொதித்துக்கொண்டிருந்தார்.

தலைநகரில் செத்துப்போன ஒரு பழம்பொருள் வியாபாரியின் வீட்டிலிருந்து வந்த போட்டோக்கள் அவை. கல்லறைகளைத் தோண்டித் திருடிய வண்ணக் குவளைகள். குவளைகள் எந்தெந்த நாட்டுக்கோ விலை போய்விட்டன, படங்கள்தான் மிச்சம். நாளைக் காலையில் உலகமே பார்க்க இணையத்தில் ஏறவேண்டியவை. அதில் நாற்பத்தொரு படங்களின் அடிப்பக்கத்தை எர்மெலிந்தா வெட்டித் தள்ளியிருந்தாள்.

"ஏம்மா, திருடன் என்ன அளவுகோலா வச்சிருந்தான்? கையில பிடிச்சுப் படம் எடுத்தான். அந்தக் கைதான் அளவு. அதை வெட்டிட்டா குவளை ஒரு ஜாண் உயரமா ரெண்டு ஜாணான்னு எவனுக்குத் தெரியும்?"

"கை பார்க்க நல்லாயில்ல சார்."

"நீ என்ன கல்யாண ஆல்பமா போடுற?"

ஒப்துலியோவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அந்தத் திருட்டுக் கை அழுகிப்போகட்டும் என்றார் டைரக்டர். ஆனால் அதற்கு முன்னால் ஊர் அதைப் பார்த்துக் காறித் துப்பவேண்டும் என்றார். வெட்டுகிற கைக்கு இங்கே வேலை இல்லை, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

எர்மெலிந்தாவுக்கு முகம் வெளுத்தது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"முழுப் படமும் பத்திரமா இருக்கு சார். வேணாமேன்னுதான்..."

"எங்கப்பாவைப் பாரு. ஒரு ஓட்டுச்சில்லைக்கூட எடுக்காத கை. அவர் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு ஒரு களவாணி கையை மறைக்கிறியே, வெக்கமா இல்ல?"

அவள் முதல் படத்தை முழுசாகத் திறந்தாள்.

சிவப்புக் குவளை. அதைச் சுற்றி இறகு சூடிய ஒரு ராஜா. அடியில், அதைத் தாங்கிப் பிடித்த வலது கை. ஆள்காட்டி விரல் பாதியோடு மொட்டை.

டைரக்டர் சுவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். ஒப்துலியோ வாயில் இருந்ததை மென்று விழுங்க மறந்துபோனான்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும் சார்."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. அதான் வெட்டினேன்."

டைரக்டர் திரையை விட்டு நகர்ந்தார்.

"முழுசாவே ஏத்து. அளவு வேணும்ல." வாசல் வரை போய்த் திரும்பி, நாளைக்கு லேட்டாக வராதே என்றும் சொன்னார்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு ஒப்துலியோ அறையைப் பூட்ட வந்தான். திரையில் நாற்பத்தொரு கை. சுவரில் ஒரே ஒரு ஆணி.