புள்ளி போன பக்கம்

சிவப்புப் புள்ளி மறுபடியும் சக்கரத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது.

திரையின் இடப்பக்கம் ஒரு அக்கா கண்ணை உருட்டி, கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் நாலு பல்சக்கரங்கள் தேமே என்று சுற்றின. பக்கத்து அறையிலும் இதே படம்தான். அங்கே பார்ப்பவரின் கண்ணை ஒரு மெஷின் கவனிக்கும்; அந்தக் கண் போகும் பக்கமெல்லாம் இங்கே புள்ளி போகும்.

"அந்த அக்காவை ஒரு வாட்டியாவது பாரேன்டி, வாண்டு!" என்று திரையிடம் கெஞ்சினாள் அம்மா. பயம் வந்தால் அவளுக்குச் சிரிப்பும் கூடவே வந்துவிடும். கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

இரண்டு வயது வாண்டு கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசமாக இருக்குமோ என்று மூன்று மாதமாக அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. முகத்தைப் பார்க்கிறாளா, பொருளைப் பார்க்கிறாளா என்று அறியத்தான் இந்தச் சோதனை.

வாண்டு உட்கார்ந்திருந்தது லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவின் மடியில். அவர் கண் மெஷினைக் குழப்பக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தார்கள். "சினிமா வில்லன் மாதிரி இருக்கீங்க!" என்று கெக்கலித்துவிட்டுத்தான் அம்மா இந்த அறைக்கு வந்தாள்.

"இதை மட்டும் வச்சு முடிவு சொல்லிட மாட்டோம், பயப்படாதீங்க," என்றார் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளியைக் கவனித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா. "ஆனா என்ன பொறுமை! இந்த வயசுல அஞ்சு நிமிஷம் ஆடாம அசையாமப் பார்த்த குழந்தை இவ ஒருத்திதான்."

"வீட்ல அஞ்சு செகண்ட் உட்கார மாட்டா, டாக்டர்!" அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த படத்தில் இரண்டு பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடியபடி கதை பேசினார்கள். புள்ளி அந்த முகங்களைச் சட்டையே செய்யாமல், சங்கிலி வழியாக ஏறி மேலே கொக்கியில் போய் நின்றது.

"அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கா!" அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "என்னை முதல்முதலா பார்க்க வந்தப்பவும் அவர் எங்க வீட்டு ஃபேனைத்தான் பார்த்தார். கூப்பிட்டா அவரும்தான் திரும்ப மாட்டார். ஆனா தங்கமான மனுஷன், டாக்டர். இவளும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும். என்ன உதவி வேணுமோ சொல்லுங்க, செஞ்சிடறோம்."

சொன்ன பிறகுதான் மூன்று மாதப் பாரம் இறங்கியது அவளுக்கே தெரிந்தது. கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக நின்றாள்.

கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்க, வாண்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா பூனை நடை நடந்து வந்தார்.

"என்ன சமத்தா பார்த்தா தெரியுமா நம்ம பொண்ணு!" என்று துள்ளினாள் அம்மா.

அப்பா உதட்டில் விரலை வைத்தார்.

"கத்தாதே! லைட்டை அணைச்ச உடனேயே தூங்கிட்டா. படம் பூரா நான்தான் பார்த்தேன்."