இரண்டாவது ஆள்

தானமாக ஒரு சிறுநீரகம் வந்தால் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். வரிசையில் முதலில் இருப்பவருக்குத்தான் அறுவை சிகிச்சை. அவருக்குக் காய்ச்சல், சளி என்று ஏதாவது இருந்தால் மட்டும் இரண்டாமவருக்கு. இல்லாவிட்டால் இரண்டாமவர் கேன்டீனில் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எஸ்தர் முன்பும் அப்படிப் போயிருக்கிறாள்.

இன்று முதல் ஆள் பவளக்கொடி. டயாலிசிஸில் எஸ்தருக்குப் பக்கத்துப் படுக்கை. இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடி, என் மூக்கையே பார்த்துட்டிருக்கே? ஒழுகாது, போ!" என்றாள் பவளக்கொடி. எஸ்தரும் சேர்ந்து சிரித்தாள்.

சற்றுப் பொறுத்து பவளக்கொடி அவள் பக்கம் சாய்ந்தாள். "கொஞ்சம் தொட்டுப் பாரேன். உடம்பு சுடுற மாதிரி இருக்கு. நர்ஸ்கிட்ட கேட்கப் பயமா இருக்குடி, நீயே சொல்லு."

எஸ்தர் புறங்கையை அவள் கழுத்தில் வைத்தாள். பிறகு தன் கழுத்தில் வைத்தாள். மறுபடியும் அவள் கழுத்தில். வராந்தாவின் கோடியில் நர்ஸ் தெர்மாமீட்டரோடு வந்துகொண்டிருந்தாள்.

"சுடுதாடி?"

"தெரியலக்கா" என்றாள் எஸ்தர், கையை எடுக்காமல். "இன்னைக்கு என் கையை நம்பாதீங்க."