நான்கில் ஒன்று

முகவாயைத் தாங்கியில் வைத்து, நடுவில் தெரிந்த மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை விட்டது போலிருந்தது. ஓரங்களில் சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும்.

மேலே மின்னியது. அமுக்கினான். வலது பக்கம். அமுக்கினான்.

பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை.

இவ்வளவு நேரம் வராமல் இருக்காது. வந்திருக்கும்.

அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான்.

"அண்ணாச்சி, லைட்டு வராமலே அமுக்குதீங்களே" என்றாள் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண். குரலில் கோபம் இல்லை.

கண்ணுக்கு ஒரு தாளாக இரண்டு தாள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள். இரண்டு வட்டத்திலும் இடது கீழ்ப்பக்கம், வெளிச்சம் தெரியாத இடம், கறுப்பு.

"கண்ணுல கோளாறு இல்ல. மூளையில ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "கண்ணாடி போட்டுச் சரிவராது. வண்டி ஓட்டுவீங்களா?"

"பைக்குதான் மேடம். எப்பவாச்சும்."

"அதையும் ஓட்டாதீங்க."

தலையாட்டினான். காக்கிச் சட்டை துணிப்பைக்குள் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் திருநெல்வேலியில் டவுன் பஸ் ஓட்டுகிறான்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தான். கோட்டின் மேலேயே நான்காக மடித்துப் பார்த்தான்.

கறுப்பு கோட்டுக்குள் அடங்கவில்லை. மேலே கொஞ்சம் கசிந்திருந்தது. ஆனால் நடுப்புள்ளியை ஒட்டிக் கொஞ்சம் வெள்ளை இருந்தது. கசிந்ததை அந்த வெள்ளையில் வைத்து அடைத்தால் சரியாக இருக்கும்.

நான்கில் ஒன்று.

மூன்று இருக்கிறது. முக்கால்.

முக்கால் போதும் என்று தோன்றியது. சட்டையை மாற்றினான்.

பொத்தான் போடும்போது போன மாதத்துச் சாப்பாடு ஞாபகம் வந்தது.

"பொரியலத் தொடவே இல்லையே, பிடிக்கலையா?" என்று கேட்டாள் மனைவி செல்வக்கனி.

"நீ வைக்கவே இல்லையே."

அவள் தட்டை அரைச்சுற்று திருப்பினாள். பீட்ரூட் எங்கிருந்தோ வந்தது.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் அதிகம் சிரித்தாள்.

தட்டில் அந்தக் கால் பங்குக்குள் ஒரு கைப்பிடிப் பொரியல்தான் இருந்தது.

நிமிர்ந்து எதிர் பிளாட்பாரத்தைப் பார்த்தான். அதே கால் பங்குதான். அங்கே அதற்குள் எவ்வளவு இருக்கும் என்று தெரியவில்லை. கூடையா, ஆட்களா.

மதியம் இரண்டு பத்து டிரிப். ஏறி உட்கார்ந்தான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் இசக்கிமுத்து இரண்டு விசில் கொடுத்தான்.

முன்னால் பாதை காலியாக இருந்தது. கறுப்பு என்று எதுவும் இல்லை. அதுதான் ஆச்சரியம். தார் ரோடு விளிம்பு வரை ஒழுங்காக, குறையே இல்லாமல் தெரிந்தது.

கியரைப் போட்டான்.

என்னவோ, தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பினான்.

முன் டயருக்குப் பக்கத்தில் ஒரு பெண். ஒரு கையில் குழந்தை. மறு கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தாள்.

நேராகப் பார்த்தான். யாரும் இல்லை. பாதை காலி.

திருப்பினான். குழந்தையின் சிவப்பு பனியன்.

நேராக. காலி.

"அண்ணாச்சி, ரெண்டு விசில் கொடுத்தாச்சே!" என்றான் இசக்கிமுத்து.

அவன் கியரை எடுத்தான். இன்ஜினை அணைத்தான். சாவியை உருவினான்.

அதற்குள் அந்தப் பெண் மூச்சு வாங்க ஏறிவிட்டாள். குழந்தையை ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்து, அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"நல்லவேளை, எங்களப் பாத்து நிப்பாட்டுனீங்க அண்ணே."

அவன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினான்.

டிரிப் எழுதும் டைம் கீப்பர் அறை அறுபதடி தூரத்தில் இருந்தது. சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, நாலெட்டுக்கு ஒருமுறை இடது பக்கம் திரும்பிப் பார்த்தபடி நடந்தான்.